கொழுப்பு காட்டும் எடை இயந்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள் கைப்பேசியை நீட்டி, "நேற்று 22 சதவீதம், இன்று 24, நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்கும்போதெல்லாம் என் தொடக்க காலம் நினைவுக்கு வருகிறது. காலுறையோடு ஏறக்கூடாது, கம்பளத்தின் மேல் வைக்கக்கூடாது என்பவற்றை இயந்திரத்தின் கையேடே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொழுப்பையே அளக்கிறது என்று நம்புவது

இந்த இயந்திரம் உண்மையில் அளப்பவை எடையும் மின்தடையும் மட்டுமே. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில், ஒரு பாதத்தில் நுழைந்து மறு பாதத்தின் வழியே வெளியேறுகிறது. நீர் மிகுந்த தசை அதை எளிதாகக் கடத்தும். கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. கிடைத்த மின்தடையோடு நீங்கள் பதிந்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றையும் சேர்த்து, ஒரு சமன்பாட்டின் மூலம் கொழுப்பு ஊகிக்கப்படுகிறது. பாதங்களில் மட்டும் மின்முனை உள்ள இயந்திரத்தில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களையும் அடிவயிற்றையும் சுற்றியே செல்வதால், மார்பும் தோள்களும் கைகளும் கணக்கில் ஊகமாகவே இடம்பெறுகின்றன.

நீர் இறங்கியதைத் தசை இறங்கியதாகப் படிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குப் பொறுக்க முடியாத தவறு இது. மாவுச்சத்தைக் குறைத்து முதன்முதலாக எடையிறக்க முயன்றபோது, முதல் வாரத்திலேயே என் திரையில் எடையோடு தசையும் ஏறத்தாழ இரண்டு கிலோ குறைந்திருந்தது. கொழுப்பு சதவீதமோ ஏறியிருந்தது. தசை கரைகிறது என்று அஞ்சி, நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்த திட்டத்தைக் கைவிட்டு, மீண்டும் அதிகமாக உண்ணத் தொடங்கினேன். தொலைத்த மூன்று மாதங்கள் திரும்பவில்லை.

நடந்தது இதுதான். மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை வடிவமான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் கிளைக்கோஜன் செலவாக, அதோடு ஒட்டியிருந்த நீரும் வெளியேறுகிறது. நீர் குறைந்ததும் மின்தடை உயர்கிறது. கொழுப்பு நீங்கலான உடலில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தில் கணக்கிடப்படுவதால், நீரின் இழப்பு முழுத் தசையின் இழப்பாக மாற்றிக் காட்டப்படுகிறது. 80 கிலோ எடையும் 20 கிலோ கொழுப்பும் உள்ள ஒருவர் ஒன்றரை கிலோ நீரை மட்டும் இழக்கிறார் என்று கொள்வோம். அந்த அனுமானப்படி அவருடைய கொழுப்பில்லா எடை 60 கிலோவிலிருந்து ஏறத்தாழ 58 கிலோவாகும். மீதமுள்ள 20.5 கிலோவும் கொழுப்பு என்று எழுதப்பட, 25 சதவீதம் 26-ஐத் தாண்டிவிடும். ஒரு கிராம் கொழுப்பும் கூடவில்லை, தசைநார் ஒன்றும் கரையவில்லை.

அண்மையில் ஒருவர் பத்தே நாளில் இதே காரணத்துக்காகத் தம் உணவுத்திட்டத்தை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். இடுப்புச் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. தூக்கும் எடையும் குறையவில்லை. கையிலிருந்த அளவு நாடாவை நம்பாமல், திரையில் தெரிந்த சிவப்பு அம்புக்குறியை நம்பினார். தொடங்கும்போதே நான் எச்சரித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இப்போது புதிதாக வருபவர்களிடம், முதல் இரண்டு வாரத் தசைக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம் என்றும், அதன்பின் நான்கு வாரச் சராசரியை முந்தைய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டு, இடுப்பளவும் அதே திசையில் நகர்ந்தால் மட்டுமே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

நேரம் மாற்றி அளப்பது

காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்து, எதுவும் உண்ணாமலும் குடிக்காமலும் ஏறுங்கள். பயிற்சி முடிந்த உடனே ஏறினால், சூடேறிய தோலும் கூடிய இரத்த ஓட்டமும் மின்தடையைக் குறைத்துக் கொழுப்பைக் குறைவாகக் காட்டக்கூடும். அப்போதுதான் குடித்த நீரோ எடையைக் கூட்டும். மின்தடையை உடனே பெரிதாக மாற்றாது என்பதால் கொழுப்புக் கணக்கில் போய்ச் சேரும்.

விளையாட்டு வீரர் முறை

சில இயந்திரங்களில், அதிகம் பயிற்சி செய்பவர்களுக்கென்று இப்படி ஒரு தேர்வு இருக்கும். குறைந்த எண் வருகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சமன்பாடுதான் மாறுகிறது.

இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவது

வேண்டாம்.

பேஸ்மேக்கர்

உடலில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது. ஒருவருக்காக வாங்கிய இயந்திரத்தில் வீட்டில் உள்ள எல்லோரும் ஏறிப் பார்ப்பார்கள் என்பதால், வாங்கிய நாளிலேயே இதை அனைவரிடமும் சொல்லிவிடுங்கள்.