இடது கரோனரியைத் தேடாமல் எழுதப்படும் அறிக்கைகள்

மூன்று மாதக் குழந்தையின் எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) அறிக்கையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் ‘விரிந்த இதயத்தசை நோய்’ என்று எழுதியதை அண்மையில் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே வரி நினைவுக்கு வந்தது. கரோனரி தமனியின் பிறவிக் கோளாறுகளில் நாம் செய்யும் இத்தகைய தவறுகள் சிலவற்றைக் கீழே சொல்கிறேன்.

படத்தை நம்பி ஓட்டத்தை விடுதல்

இடது கீழறை விரிந்து தளர்ந்து, அதன் நுழைவாயிலிலுள்ள மைட்ரல் வால்வும் கசியும் கைக்குழந்தைக்கு, இதயத்தசைக்கு இரத்தம் தரும் இடது கரோனரி தமனி பெருந்தமனியிலிருந்துதான் புறப்படுகிறது என்று உறுதிசெய்யும்வரை அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. 1933-இல் பிளாண்ட், வைட், கார்லண்ட் மூவரும் விவரித்த கோளாறில் அது நுரையீரல் தமனியிலிருந்து புறப்படுகிறது. பிறந்தவுடன் நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்திருப்பதால் குறை வெளியே தெரியாது. சில வாரங்களில் அழுத்தம் தணிந்ததும், வலது கரோனரியிலிருந்து இணைப்புக் கிளைகள் வழியே வரும் இரத்தம் தசைக்கு எட்டாமல் நுரையீரல் தமனிக்குள் வடிந்துவிடுகிறது. பால் குடிக்கையில் குழந்தை வியர்த்து வீறிடுவதை வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

நான் ஏமாந்தது கறுப்பு வெள்ளைப் படத்தில்தான். பெருந்தமனியை ஒட்டிய இதயவுறை மடிப்பு, தமனி அங்கே வந்து சேர்வதுபோன்ற பொய்த்தோற்றத்தைக் காட்டியது. இரத்த ஓட்டத்தின் திசையை நிறத்தால் காட்டும் கலர் டாப்ளரின் வேக வரம்பைக் குறைத்திருந்தால் ஓட்டம் தலைகீழாக இருப்பதைக் கண்டிருப்பேன். வலது கரோனரி பருத்திருந்ததும், மைட்ரல் வால்வைத் தாங்கும் பாப்பில்லரி தசைகள் வெளுத்துத் தெரிந்ததும், ஈசிஜியின் ஏவிஎல் பதிவில் தசைச் சேதத்தைக் காட்டும் ஆழ்ந்த க்யூ அலை இருந்ததும் முதல் நாளே என் கையில் இருந்த சான்றுகள். ஆறு வாரங்கள் மருந்தில் கழிந்தன. அதற்குள் கசிவு முற்றிவிட்டது. அறிக்கையில் ‘கரோனரிகள் இயல்பு’ என்று யாரேனும் எழுதினால், எந்தத் திசையில் ஓட்டம் என்று இன்றும் சற்றுக் கடுமையாகவே கேட்கிறேன்.

நுரையீரல் தமனிக் கிளைகளை இறுக்க மறத்தல்

இந்தக் கோளாற்றைச் சரிசெய்யும் அறுவையில், இதய-நுரையீரல் பம்ப் ஓடத் தொடங்கி நுரையீரல் தமனி வெறுமையானதும் கரோனரி இரத்தம் அதற்குள் வடியும். இரு கிளைகளையும் உடனே இறுக்கிவிட்டு, பின்னர் இதயத்தை நிறுத்திவைக்கும் கார்டியோபிளீஜியா கரைசலைப் பெருந்தமனி வேர், நுரையீரல் தமனி வேர் இரண்டிலும் செலுத்த வேண்டும்.

மைட்ரல் வால்வில் அவசரம்

அதே அறுவையில் வால்வையும் சரிசெய்வது பெரும்பாலும் வேண்டாம். கரோனரியைப் பெருந்தமனிக்கு மாற்றித் தசை தேறினால் கசிவும் குறைகிறது.

சுவருக்குள் செல்லும் பாதையைக் கண்மூடித் திறத்தல்

இது வேறொரு பிறவிக் கோளாறு. பெருந்தமனி, நுரையீரல் தமனி என்ற இரு பெருநாளங்களுக்கு இடையே ஓடும் கரோனரி, பெருந்தமனி வால்வின் இதழ்கள் சந்திக்கும் முனைக்குக் கீழே பெருந்தமனிச் சுவருக்குள் சென்றால், முழுப் பாதையையும் திறப்பது வால்வைத் தொங்கவிட்டுவிடும். அங்கே முனைக்கு அப்பால் புதிய வாய் அமைப்பதே பாதுகாப்பானது.

டிரெட்மில் இயல்பு என்று விடுவித்தல்

அந்த இடைப்பாதையில் இடது கரோனரி ஓடும் இளைஞருக்கு அந்த ஓட்டச் சோதனையின் முடிவு, ஆபத்தில்லை என்ற எந்த உறுதியும் தராது.