இறையியல் கல்லூரி முதல்வர் ஒருவரின் கல்விப் பணியை எழுதுவது எப்படி?

நூற்றாண்டு மலருக்கோ பொன்விழா மலருக்கோ இறையியல் கல்லூரி முதல்வர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னால், பலரும் பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், வகித்த பதவிகள் என்று அடுக்கி முடித்துவிடுகிறார்கள். அதற்கு மாறாக ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவர் வகுப்பறையில் செய்தவற்றையும் வலப்பக்கம் முதல்வர் நாற்காலியில் இருந்து செய்தவற்றையும் குறித்துக்கொண்டே வாருங்கள். இடப்பக்கம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பட்டங்களில் கவனம் தேவை. கல்லூரி எங்கே இருந்தாலும், நம் நாட்டில் பி.டி. (இறையியல் இளநிலை), எம்.டிஎச். (இறையியல் முதுநிலை) போன்ற பட்டங்களைப் பெரும்பாலும் வழங்குவது மேற்கு வங்கத்துச் செராம்பூர் கல்லூரியின் கல்விப் பேரவையான செராம்பூர் செனட்தான். 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் மன்னர் அளித்த சாசனமும், அதையொட்டி 1918-இல் வந்த சட்டமுமே இந்த அதிகாரத்துக்கு அடிப்படை. எனவே படித்த இடத்தையும் பட்டம் அளித்த அமைப்பையும் தனித்தனியே எழுத வேண்டும். ஆய்வேடு எழுதிப் பெற்ற டி.டிஎச். பட்டமும் மரியாதை நிமித்தம் அளிக்கப்படும் டி.டி. பட்டமும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே 'டாக்டர்' என்ற முன்னொட்டு ஒட்டிக்கொள்வதால், மலர்களில் இந்தக் குழப்பம் நீங்கியபாடில்லை.

எடுத்துக்காட்டாக ஜே. ரஸ்ஸல் சந்திரனைக் கொள்வோம். 1910-இல் நிறுவப்பட்ட பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரிக்கு 1954-இல் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற அவர், 1983 வரை, அதாவது 29 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். இதை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டால், 1976-இல் தார் எஸ் சலாமில் உருவான மூன்றாம் உலக இறையியலாளர்களின் எக்குமெனிக்கல் (திருச்சபைப் பிரிவுகளைக் கடந்த) சங்கத்துக்கு அவர் முதல் தலைவரானது தொடர்பில்லாத இன்னொரு பதவியாகவே தோன்றும். மேலைநாட்டு மிஷனரிகள் நடத்திவந்த கல்லூரியை இந்தியர் ஒருவர் ஏற்றதையும், ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இறையியலாளர்கள் தம் சொந்தச் சூழலிலிருந்து பேச முனைந்ததையும் அருகருகே வைத்தால், இரண்டையும் இணைக்கும் கேள்வி தானே தெரியவரும்.

நூலகப் பட்டியலில் தேடும்போது 'ஜே. ஆர். சந்திரன்', 'ரஸ்ஸல் சந்திரன்' என இரு வடிவங்களையும் பாருங்கள். கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால், '1954' என்பது நியமன ஆணையின் தேதியா, பொறுப்பேற்ற நாளா என்பதை ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டு உறுதிசெய்த பின்பே எழுத வேண்டும். பொறுப்பு முதல்வராக இருந்த மாதங்களை இதில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது.

வரைவு முடிந்ததும், அவரிடம் படித்த ஒருவரிடமும் அவர் காலத்தில் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவரிடமும் தனித்தனியே காட்டுங்கள். இருவரும் ஒரே பத்தியைத் திருத்தினால் அதை முழுவதுமாக மீண்டும் எழுதுங்கள்.