பவளத் தொட்டிக்கு டெஸ்ட் கிட் வாங்குவதில் நானும் செய்த தவறுகள்

போன மாதம் சிங்கப்பூர் தெம்பனிஸில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வீவக வீட்டுக் கூடத்தில் புதிதாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, உள்ளே பவளங்கள்: நாலைந்து ஸூவாந்தஸ், ஒரு ஹாமர் கோரல். கீழே அலமாரியைத் திறந்து பெருமையாகக் காட்டினார்: தண்ணீரில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் கிட் பதினொன்று. அயோடினுக்கு ஒன்று, ஸ்ட்ரான்சியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று. உப்பை எதில் அளக்கிறீர்கள் என்று கேட்டேன். முள் ஆடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். எட்டு வருடத்துக்கு முன் என் அலமாரியும் இப்படித்தான் இருந்தது என்பதால் சிரிக்கவும் முடியவில்லை.

குப்பியைக் கழுவு, சொட்டை எண்ணு, காலாவதி தேதியைப் பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரு கிட்

மென்பவளமும் ஒன்றிரண்டு கடினப் பவளமும் வைத்திருப்பவருக்கு உப்பு, கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை), நைட்ரேட், பாஸ்பேட் நான்கும் போதும். கடினப் பவளம் பெருகி, கேஎச் நாளுக்கு நாள் இறங்குவது கண்ணில் பட்ட பிறகு கால்சியமும் மெக்னீசியமும் வாங்கலாம். அமோனியா, நைட்ரைட் கிட் முதல் ஆறேழு வாரத்துக்குத்தான், அப்புறம் தூசி படியும். அயோடின் கிட் வாங்கும் காசில் நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள். அதையும் ஆர்ஓ தண்ணீரில் (உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்த தண்ணீர்) பூஜ்யம் வைத்துவிட்டு நிறுத்தாமல், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) ஸ்டாண்டர்ட் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சரிபாருங்கள். சந்தையில் பல கருவிகள் சோடியம் குளோரைடு கரைசலுக்காகச் செய்த உப்புமானிகள், கடல்நீருக்கானவை அல்ல. ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் சரியாக இருந்தாலும் 35 இருக்கும் இடத்தில் ஒன்றரை பிபிடி வரை தள்ளிக் காட்டும்.

பாஸ்பேட் “ஜீரோ”

இது வாங்கும்போதே நடக்கும் தவறு. பவளத் தொட்டியில் நாம் பிடிக்கப் பார்ப்பது 0.03 முதல் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை. ஏபிஐ கம்பெனி கிட்டின் நிற அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்த கட்டமே 0.25. ஆக அந்த அட்டையில் ஜீரோ என்று தெரிவது நல்ல தொட்டியாகவும் இருக்கலாம், பாசி மண்டப்போகும் தொட்டியாகவும் இருக்கலாம். நன்னீர் மீனுக்கு அது போதும், நமக்கு உதவாது. பாஸ்பேட்டுக்கு மட்டும் நிறத்தைக் கண்ணுக்குப் பதில் தானே அளந்து எண்ணாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் கலரிமீட்டர் வாங்குவதைத்தான் நான் சொல்வேன்.

டிஜிட்டல் என்றதும் கடைசி இலக்கம் வரை நம்பிவிடாதீர்கள். ஹன்னா கம்பெனியின், மிகக் குறைந்த அளவைப் பார்க்கும் பாஸ்பேட் கலரிமீட்டருக்கே ±0.02 பிபிஎம் பிழை உண்டு என்று அவர்களே சொல்கிறார்கள். நேற்று 0.04, இன்று 0.06 என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு மாடல் பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். அதை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் வரும். எந்த மாடல் என்று பார்க்காமல் வாங்கிவிட்டு “20 காட்டுது அண்ணே, எல்லாம் செத்துடுமா?” என்று இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. நைட்ரேட்டிலும் இதே கதைதான். சில கிட் நைட்ரேட்-நைட்ரஜன் என்று காட்டும், அதை 4.4-ஆல் பெருக்க வேண்டும்.

கேஎச் கிட்டை அப்படியே நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 600 வெள்ளி போன கதை.

கேஎச் கிட் என்பது வேறொன்றும் இல்லை, செறிவு தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிப்பது. அந்த அமிலத்தின் செறிவு மாறாமல் இருக்கும் வரைதான் எண்ணுக்கு மதிப்பு. நான் பாட்டிலை மூடியும் மூடாமலும் தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டி (சம்ப்) இருக்கும் அலமாரிக்குள் வைத்திருந்தேன், பக்கத்திலேயே ரிட்டர்ன் பம்பும் நாலு அடாப்டரும் நாள் பூராவும் சூடு கக்கிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அமிலத்திலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகி, மீதி கெட்டியாகிவிட்டது. கெட்டியான அமிலம் என்றால் குறைந்த சொட்டிலேயே நிறம் மாறும், கேஎச் குறைவாகத் தெரியும். 6.2 காட்டியது. பதறிப்போய் கேஎச்சை ஏற்ற தினமும் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினேன். மூன்று வாரத்தில் 8.2 வந்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அக்ரோபோரா என்ற கடினப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துக்கொண்டே போனது. வெளிச்சம் அதிகமோ என்று விளக்கைக் குறைத்தேன், நீரோட்டத்தை மாற்றினேன், கடையில் போய்க் கேட்டேன், அங்கே இன்னொரு பாட்டில் சத்து மருந்தை விற்றுவிட்டார்கள். கடைசியில் ஒரு நண்பரின் கிட்டில் பார்த்தால் 11.3. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட இல்லாத தொட்டியில் அவ்வளவு கேஎச் ஏறினால் அக்ரோபோரா தாங்காது. ஐந்து துண்டு போயிற்று.

இதற்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. புதிதாகப் பிரித்த ஆப்ப சோடா 2.4 கிராமை (பேக்கிங் பவுடர் அல்ல, அதில் மாவும் வேறு உப்பும் கலந்திருக்கும்) ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மில்லியை எடுத்து, மேலும் ஆர்ஓ தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குங்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் சோடா என்றால் 1 டிகேஎச் (கேஎச்சின் அலகு), ஆக இது கிட்டத்தட்ட 8. தங்கம் நிறுக்கும் சின்னத் தராசு 20 வெள்ளிக்குள் கிடைக்கும், சமையலறைத் தராசில் 2.4 கிராம் சரியாக வராது. புது கிட் வாங்கிய அன்றே இதை ஒருமுறை சோதித்து, காட்டிய எண்ணைப் பெட்டி மேல் எழுதிவிடுங்கள். 7.7 காட்டினாலும் குடி முழுகாது, உங்கள் கிட் 0.3 குறைத்துச் சொல்லும் ஆள் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கரைசலைப் புதிதாகக் கலக்குங்கள்.

கம்பெனி மாற்றும்போதும் இதே குழியில்தான் விழுகிறார்கள். பழைய கிட் 8.5, புதியது 7.6 என்றதும் தொட்டியில் ஏதோ ஆகிவிட்டது என்று சோடாவைத் தூக்குகிறார்கள். தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய பாட்டில் தீர்வதற்குள் புதியதை வாங்கி, ஒரே தண்ணீரை இரண்டிலும் பாருங்கள்.

நீல விளக்கில் நிறம் பார்ப்பது

தொட்டியின் நீல விளக்கில் கிட்டின் நிறம் சரியாகத் தெரியாது. ஜன்னலுக்குப் போங்கள்.

புதுத் தொட்டியில் நைட்ரேட்

நைட்ரேட் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. எனவே நைட்ரைட் இன்னும் இருக்கும் தொட்டியில் எண் எகிறும். முதல் மாதம் பார்க்காதீர்கள்.

ஐசிபி அனுப்பினால் போதுமே

ஐசிபி என்பது தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி அதிலுள்ள தனிமங்களை அளப்பது. போதாது. அதில் கேஎச் வராது. கூடவே தனியாக டைட்ரேஷன் (கேஎச் கிட் செய்வது போன்ற அமிலச் சோதனை) செய்து தரும் ஆய்வகமாக இருந்தாலும், தண்ணீர் தபாலில் போய்ச் சேர்வதற்குள் தொட்டியில் கேஎச் வேறாகியிருக்கும்.

தெம்பனிஸ் தம்பி வீட்டுக்கு அடுத்த வாரமே தராசோடு போனேன். சோடா கரைசல் கலக்கி அவர் கிட்டில் பார்த்தோம், 7.9. “உங்களதும் பார்க்கலாமே அண்ணே” என்றார். பையிலிருந்த என் கிட்டை எடுத்துச் சொட்டு விட்டேன். 7.1.