மெதுவாக ஓடத் தெரியாமல் கெடுவது: மாரத்தான் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரத்தானுக்குப் புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்களோடு ஓடும்போதெல்லாம், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் மீண்டும் நடப்பதைப் பார்க்கிறேன். போட்டி நாளில் புதுக் காலணி அணியாதீர்கள், முந்தைய இரவு பழக்கமில்லாத உணவைத் தொடாதீர்கள் என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைக் காலில் வந்த கொப்புளமும் வயிறுமே ஒரே நாளில் கற்பித்துவிடும். கடும் உழைப்பைப் போலவே தோற்றமளிப்பதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எளிய ஓட்டத்தை வேகமாக ஓடுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத, இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பயிற்சி அட்டவணையில் வாரத்துக்கு மூன்று நான்கு நாட்கள் ‘எளிய ஓட்டம்’ என்று இருக்கும். பெரும்பாலானோர் அந்த நாட்களில் எளிதாகவும் ஓடுவதில்லை, கடினமாகவும் ஓடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில், வியர்வையும் மனநிறைவும் தரும் ஒரு வேகத்தில் ஓடிவிட்டு, உண்மையிலேயே வேகம் காட்ட வேண்டிய நாளில் கால் எழாமல் நிற்கிறார்கள்.

நான்கு மணி நேரத்தில் முதல் மாரத்தானை முடிக்க விரும்பிய இளைஞர் ஒருவர், மாதக்கணக்கில் ஓடியும் முன்னேற்றமே இல்லை என்று வந்தார். அவருடைய எளிய நாளொன்றில் உடன் ஓடினேன். முதல் கிலோமீட்டர் முடிவதற்குள்ளேயே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். “இல்ல சார்... வேலை முடிய... லேட்டு...” என்று மூச்சுக்கு இரண்டு சொல்லாகப் பதில் வந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னதற்கு, “ஆப்ல எல்லாரும் பாப்பாங்க சார்” என்றார். அன்று அவர் ஓடியது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 விநாடி. நான்கு மணி நேர மாரத்தானுக்குத் தேவையான வேகமே 5 நிமிடம் 41 விநாடிதான். ஆக, ஓய்வுக்குரிய நாளிலும் அவர் போட்டியைத்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய எளிய ஓட்டம் ஆறரை நிமிடத்துக்கும் ஏழு நிமிடத்துக்கும் இடையில், களைப்பான நாளில் அதற்கும் மெதுவாக இருந்திருக்க வேண்டும்.

இதன் விலை போட்டி நாளில் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டித் தெரியவரும். ஓடுவதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டரைக் கடக்க மூவாயிரம் கலோரிக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பாகச் சேமிக்கப்பட்டிருப்பது சுமார் இரண்டாயிரம் கலோரிதான். வழியில் உண்ணும் ஜெல் (சர்க்கரைக் கூழ்) ஓரளவுக்குக் கைகொடுக்கும். மீதத்தைக் கொழுப்பிலிருந்தே எடுத்தாக வேண்டும். நல்ல வேகத்தில் ஓடும்போதும் கொழுப்பை எரிக்கும் திறன், தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுவதால் வருகிறது. அதற்குப் பல மாதங்கள், பல மணி நேரம் ஓடியாக வேண்டும். மெதுவாக ஓடினால்தான் உடல் அத்தனை மணி நேரத்தையும் தாங்கும்.

இது சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்த சமாதானம் அன்று. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்தார். அதில் பெரும்பகுதி மூச்சுத் திணறாமல் ஓடியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவரான மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். நார்வேயில் பணிபுரியும் விளையாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு போன்ற நெடுநேர விளையாட்டுகளின் முன்னணி வீரர்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு மென்மையானவை என்று கண்டார்.

எளிதாகத்தான் ஓடுகிறோமா என்று அறிய கடிகாரத்தை நம்ப வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கணிக்கும் சூத்திரம், ஒருவருக்குப் பத்துத் துடிப்புக்கும் மேல் பிசகலாம். அதன் மேல் கட்டிக் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு ‘மண்டலங்களும்’ அதே அளவு பிசகும். உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. வெயிலிலும் ஏற்றத்திலும் அதே பேச்சைத் தக்கவைக்க நடக்க வேண்டியிருந்தால், நடக்கலாம். ஆப்பில் பார்ப்பவர்கள் யாரும் போட்டி நாளில் நமக்காக ஓடித் தரப்போவதில்லை.

மூச்சு தாங்குகிறது என்று தூரத்தைக் கூட்டுவது

இதயமும் இரத்தத்தின் அளவும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் தேவை. புதிய சுமை விழும்போது உடல் முதலில் பழைய எலும்பைச் சிறிது சிறிதாக அகற்றிவிட்டுப் பிறகே புதியதை வைக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் அவ்விடம் முன்னைவிட வலுக்குறைந்தே இருக்கும். மூச்சு சீராகி, நம்பிக்கை உச்சத்தில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் பலர் அடிபடுவதற்குக் காரணம் இதுவே. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பில் வலி நீளமாகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் ஓய்விலும் குறைத்த ஓட்டத்திலும் ஆறிவிடும். ஒரே விரலால் ‘இங்கேதான்’ என்று தொட்டுக்காட்ட முடிகிற வலியாக இருந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாரம் முழுவதையும் ஒரே நாளில் ஓடுவது

நீண்ட ஓட்டம் வார மொத்தத்தில் பாதியைத் தொட்டால், அதை மேலும் நீட்டாமல் மற்ற நாட்களைக் கூட்டுங்கள்.

தாகமில்லாமல் குடிப்பது

நீரிழப்பைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டதால், இதன் மறுபக்கம், அதாவது அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பான சோடியம் நீர்த்துப்போகும் என்பது, மறந்துபோயிற்று. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி தந்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுமே அதில் கூடுதலாகச் சிக்கினார்கள். மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரமோ அதிகம். விளையாட்டுப் பானம் குடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் அதிலும் பெரும்பகுதி தண்ணீரே. தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் ஆகியவற்றை நீரிழப்பு என்று எண்ணி மேலும் தண்ணீர் புகட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சிக் காலத்தில் நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

ஓடுமுன் வலி மாத்திரை

ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வேண்டாம். நெடுந்தூர ஓட்டத்தில் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அவை கூடுதல் சுமை.

விட்டதைக் கடைசி மூன்று வாரத்தில் பிடிக்க முயல்வது

அந்த வாரங்களில் ஓடும் நாட்களை அப்படியே வைத்து, தூரத்தை மட்டும் படிப்படியாகப் பாதி அளவுக்குக் குறைக்க வேண்டும். தசையில் கிளைக்கோஜன் நிறையும்போது அதோடு தண்ணீரும் சேர்வதால் எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடலாம். அதைக் கண்டு பதறி உணவைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். குறைக்கக் கூடாத உணவைக் குறைக்கிறார்கள்.

தொடக்கத்தில் நேரம் சேமிப்பது

நான்கு மணி நேர இலக்கோடு வருபவர், கால்கள் புதிதாக இருக்கிற உற்சாகத்தில் முதல் பத்துக் கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினால் மூன்றரை நிமிடம் மிச்சம். முப்பத்திரண்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு கால் கனத்து எட்டு நிமிட வேகத்துக்கு இறங்கினால், இரண்டே கிலோமீட்டரில் நாலரை நிமிடம் போய்விடும்; அதற்குப் பின்னும் எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். முதல் ஐந்து கிலோமீட்டரை 5 நிமிடம் 50 விநாடியில் தொடங்குபவர் பின்தங்குவது முக்கால் நிமிடம் மட்டுமே. அதை மீதித் தூரத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் விநாடி வீதம் மீட்டுவிடலாம்.