கனத்துப்போன சுக்கான்

காற்றை எதிர்த்து ஏறும்போதெல்லாம் ஒருவர் ஓட்டும் என் இல்கா 7 பாய்மரப் படகின் சுக்கான் பிடி கனத்து, மூக்கு காற்றுப் பக்கமே திரும்பப் பார்த்தது. வேகமும் போச்சு. முதலில் பாய்மேல்தான் சந்தேகம்: பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை இழுத்தேன், பாயை உள்ளே வெளியே விடும் மெயின்ஷீட் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன், உடம்பை வெளியே சாய்த்துப் படகைச் சாயாமல் வைத்தேன். லேசாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

கரையில் பார்த்தால் சுக்கான் அலகு சரியாகவே நின்றது. ஓட்டத்தில் பின்னால் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வேகம் கூடக் கூட அதன் நுனி பின்பக்கமாக மெல்ல எழுகிறது! அலகைக் கீழே இழுத்துப் பிடிக்கும் டவுன்ஹால் கயிறு இழுபட்டு நீண்டிருக்கிறது. அலகு பின்னால் சாய்ந்தால் நீரின் அழுத்தம் திருப்பு அச்சிலிருந்து தள்ளிப்போகும், கை கனக்கும். நீளாத டைனீமா கயிறு மாற்றி, ஆழத்துக்கு வந்ததும் மறுபடி இறுக்கினேன். அப்பாடா, இப்போது இரண்டு விரலிலேயே பிடி நிற்கிறது. அந்தக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டின் பல் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான், அதையும் பார்த்துவிடுங்கள்.