மழை தின்ற பிரேக்

ஏழாம் நாள், சைக்கிள் பயணத்தின் கடைசி நாள். ஈரக் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டும்போது பின் பிரேக் லிவரை அழுத்தினேன், ஹேண்டில்பாரையே தொட்டது. எதிரே நீண்ட இறக்கம், பின்னால் முழுச் சுமை. அப்படியே கிளம்ப மனம் வரவில்லை.

பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பருக்குள் மணலும், ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்குகளும் மினுமினுத்தன. ஆறு நாள் சேறு ரப்பரையும் ரிம்மையும் சேர்த்தே அரைத்திருக்கிறது! ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். ரிம்மில் அப்பியிருந்த கருங்குழம்பைத் துணியால் வழித்தேன். ரப்பர் எதுவரை தேயலாம் என்று காட்டும் தேய்மானக் கோடு இன்னும் தெரிந்தது, அப்பாடா. 5 மி.மீ. ஆலன் சாவியால் திருகைத் தளர்த்தி, கேபிளைச் சற்று இழுத்து முடுக்கினேன்.

ஈர ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே இறங்கினேன்.