எங்கள் தெருவில் வேகத்தைக் குறைக்க வைத்தது இப்படித்தான்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு சரிவானது. வளைவைத் தாண்டியதும் பள்ளிக்கூட வாசல். தென்னாப்பிரிக்காவில் ஊருக்குள் பொதுவான வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரே நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் பிள்ளை நடுத்தெருவில் நிற்கும். 40 என்றால் 11 மீட்டர்தான்.

வெறும் புகார் மனு கிடப்பில் கிடந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பள்ளி விடும் நேரத்தில் நின்று, பிள்ளைகள் எங்கே கடக்கிறார்கள், டயர் தடம் எங்கே கறுப்பாக விழுந்திருக்கிறது என்று வரைபடம் போட்டோம். தெருக்காரர்களின் கையெழுத்தோடு அதை வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொன்னோம். அவர் வந்து நின்றபோதே ஒரு மினிபஸ் டாக்ஸி சீறிக்கொண்டு இறங்கியது.

40 பலகை வந்தது. ஆனால் வளைவுக்கு முன்னால் வேகத்தடை போட்ட பிறகுதான் வண்டிகள் அடங்கின. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.